வழுக்குச் சுரம்: அது 'தவறிய குறிப்பு' அல்ல

அமெரிக்காவின் கன்ட்ரி இசை பற்றிய ஒரு நிகழ்ச்சியின் தமிழ் வசனத்தில், "ஃப்ளாய்ட் கிரேமர் தவறிய குறிப்புகளுக்குப் பெயர்போனவர்" என்று வந்தது. பியானோக் கலைஞரான அவருடைய 'ஸ்லிப் நோட்' என்ற வாசிப்பு முறைக்கு இந்தத் தமிழை எத்தனையாவது முறை கேட்கிறேனோ தெரியவில்லை. தெரியாதவர் கேட்டால், தப்புத் தப்பாக வாசித்தே பேர் வாங்கியவர் என்றுதான் நினைப்பார்.

லத்தீனில் 'நோட்டா' என்றால் அடையாளம். எழுதி வைக்கும் குறிப்பும் பாட்டின் சுரமும் ஆங்கிலத்தில் 'நோட்' ஆனது அதனால்தான். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது, காதில் விழும் ஒலியைக் குறிப்பு என்பானேன்? சுரம் வடசொல் என்று தயங்குபவர்களுக்கு நரம்பு என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் இன்று அதைப் படித்தால் உடம்பு நரம்புதான் நினைவுக்கு வரும். சுரமே இருக்கட்டும்.

அடுத்து 'ஸ்லிப்'. ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ப ஒலித்துக்கொண்டிருக்க, ரி கட்டையைத் தொட்ட கையோடு க கட்டைக்கு வழுக்கி வந்து நில்லுங்கள். இடையில் உள்ள கறுப்புக் கட்டையைத் தொடக் கூடாது. முழுச் சுர இடைவெளி வேண்டும். தெரியாமல் பட்டுவிட்டது போலக் கேட்கும், ஆனால் பட்டது தெரிந்தேதான். ஸ்டீல் கிட்டாரில் கம்பியை இழைத்துக் கொண்டுவரும் ஏக்கம் இப்படித்தான் பியானோவுக்கு வந்தது.

1933இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்த கிரேமர் தானாகவே பியானோ பழகியவர். 1955இல் கன்ட்ரி இசைப் பதிவுகளின் மையமான நாஷ்வில்லுக்குப் போய், எல்விஸின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' உட்பட எத்தனையோ பதிவுகளில் வாசித்தார். 1960இல் ஹாங்க் லாக்லின் பாடவிருந்த ஒரு பாட்டுக்கு, அதை எழுதியவர்களில் ஒருவரான டான் ராபர்ட்சன், மாதிரிப் பதிவு ஒன்றைத் தானே வாசித்து அனுப்பியிருந்தார். அதிலிருந்த வழுக்கும் வாசிப்பு வேண்டும் என்று தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் சொல்ல, கிரேமர் அதைப் பிடித்துக்கொண்டார். அதே ஆண்டு வந்த அவருடைய 'லாஸ்ட் டேட்' அமெரிக்கப் பிரபலப் பாட்டுப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. தவறி விழுந்த விரலால் இது நடக்குமா?

'நழுவல்' என்று சிலர் எழுதுகிறார்கள், பரவாயில்லை. ஆனால் நழுவுவது பிடி விட்டுப் போவது. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் அதில் பழத்தின் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. எனக்கு வழுக்கு என்பதே சரியாகப் படுகிறது. வழு என்றால் பிழை. "வழுக்கியும் வாயாற் சொலல்" என்ற குறளில் வழுக்கி என்பது தவறியும் என்றே பொருள்படுகிறது. சறுக்கல், பிழை இரண்டும் ஆங்கிலச் சொல்லில் இருப்பதுபோலவே இதிலும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, பிழை போலத் தோன்றினாலும் ஏற்கத்தக்கது என்பதற்கு வழுவமைதி என்று இலக்கணத்திலேயே பெயர் வைத்திருக்கிறோம். கிரேமர் செய்தது அதுதான்.

இவ்வளவு கையில் இருக்கும்போது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதே நிகழ்ச்சியில் பியானோ கட்டைகளைச் 'சாவிகள்' என்றார்கள், கன்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' என்றார்கள். நாட்டுப்புற இசை வேறு, நாஷ்வில் பதிவரங்குகளில் வளர்ந்த கன்ட்ரி வேறு. மொழிபெயர்த்தவர் 'லாஸ்ட் டேட்' பாட்டை அரை நிமிடம் கேட்டிருந்தால் அந்த வசனம் இப்படி வந்திருக்கும்: "ஃப்ளாய்ட் கிரேமர் வழுக்குச் சுரத்துக்குப் பெயர்போனவர்."