இயந்திரக் கையேட்டுக்கு எந்த மென்பொருள்? வரைபடம் மாறும்போதுதான் தெரியும்

கோவையில் பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திரம் செய்யும் நிறுவனங்களுக்குக் கையேடு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்து, மரப்பெட்டிக்கு அளவும் எடுத்துவிட்ட பிறகுதான் பெரும்பாலும் எனக்கு அழைப்பு வரும். "கன்டெய்னர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது, மேனுவல் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "அடுத்த முறை நாங்களே செய்துகொள்ளலாம் என்று பார்க்கிறோம், எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் சார்?"

அதற்குப் பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன். "உங்கள் டிராயிங் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? மாறினால் மேனுவல் தயாரிப்பவருக்கு யார் சொல்வார்கள்?" முதல் பாதிக்கு உடனே பதில் வரும். இரண்டாம் பாதிக்குப் பல இடங்களில் பதிலே இருக்காது.

கையேட்டின் முதல் பதிப்பை எதில் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எல்லோரிடமும் இருக்கும் வேர்டு போதும். வரைபடத்தின் அடுத்த ரிவிஷன், அதாவது திருத்திய பதிப்பு, வரும்போதுதான் மென்பொருளின் தரமும் நம் பழக்கத்தின் தரமும் வெளியே வரும்.

ஒரு பம்பு நிறுவனத்தில் நடந்தது இது. பேஸ் பிளேட்டில் ஃபவுண்டேஷன் போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தை 40 மி.மீ. கூட்டினார்கள். வடிவமைப்புப் பிரிவின் கோப்புறையில் புதிய வரைபடம் ஏறிவிட்டது. கையேட்டிலோ, எப்போதோ படமாக ஒட்டிய பழைய வரைபடமே இருந்தது. வாடிக்கையாளரின் சிவில் ஒப்பந்ததாரர் கையேட்டைப் பார்த்து போல்ட்டுகளை நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிட்டார். பம்பு வந்து இறங்கியது, பிளேட் உட்காரவில்லை. கான்கிரீட்டை உடைக்கும் செலவு யாருடையது என்ற சண்டையில் கையேட்டை எடுத்துப் பார்த்தால், படத்தில் ரிவிஷன் எண்ணே இல்லை. பக்கத்தில் இடம் பற்றவில்லை என்று, ஒட்டியவர், ரிவிஷன் எண் இருக்கும் மூலைக் கட்டமான டைட்டில் பிளாக்கை வெட்டிவிட்டிருந்தார்.

ஆகவே மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டியது, படத்தை உள்ளே விழுங்கிவிடுகிறதா, வெளியே உள்ள கோப்போடு இணைத்து வைக்கிறதா என்பதைத்தான். நீண்ட தொழில்நுட்ப ஆவணங்களுக்கான ஃபிரேம்மேக்கரும், பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனும் இணைத்து வைக்கும். இணைத்த கோப்பு மாறிவிட்டால் இன்டிசைன் மஞ்சள் முக்கோணம் காட்டி எச்சரிக்கும். கட்டளைகளோடு எழுதியதைப் பக்கங்களாக்கித் தரும் லேடெக்ஸ், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கோப்பைப் புதிதாகவே எடுத்துக்கொள்ளும். வேர்டிலும் இணைக்கும் வசதி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்துபவர்களை விரல் விட்டு எண்ணலாம். எல்லோரும் நகலெடுத்து ஒட்டுவதோடு சரி.

இணைப்பு வேலை செய்ய ஒரு ஒழுங்கும் வேண்டும். கோப்பின் பெயரில் ரிவிஷன் எழுத்தைச் சேர்க்காதீர்கள். 'ஏ' என்று முடியும் கோப்பைக் கையேடு தேடிக்கொண்டிருக்கும். புதியது 'பி' என்ற பெயரில் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். கையேட்டுக்கென்று ஒரு தனிக் கோப்புறை, மாறாத பெயர்கள், படத்தின் மூலையில் மட்டும் ரிவிஷன் எழுத்து. இதற்குப் பணம் எதுவும் செலவில்லை. லட்சம் ரூபாய் மென்பொருள் வாங்கிய இடங்களிலும் இது இருப்பதில்லை.

அடுத்தது அளவு. ஏ1 தாளில் வரைந்ததை ஏ4 பக்கத்துக்குச் சுருக்கினால், நீளவாக்கில் ஏறத்தாழ 2.8 மடங்கு குறைகிறது. 3.5 மி.மீ. உயரத்தில் இருந்த எழுத்து 1.2 மி.மீ. ஆகிவிடும். 0.25 மி.மீ. கோடு 0.09 மி.மீ. ஆகி, அலுவலக பிரிண்டரில் விட்டுவிட்டு வரும். கிரீஸ் கையோடு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுப் பார்க்கும் ஃபிட்டருக்கு அது படமே இல்லை. இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கையேட்டுக்கென்றே வேறு படம் எடுக்க வேண்டும்: பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம், பாகத்துக்கு ஒரு எண், பக்கத்தில் பட்டியல். சாலிட்வொர்க்ஸ் கம்போஸர், கிரியோ இல்லஸ்ட்ரேட் போன்றவை இதற்காகவே வந்தவை. முப்பரிமாண மாடல் ஏற்கெனவே இருந்தால் அவை கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆட்டோகேடில் இருபரிமாணமாகவே வரைந்து பழகிய நிறுவனம் அவற்றை வாங்கி அலமாரியில் வைப்பதில் பயனில்லை.

படம் எந்த வடிவில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டுப் படத்தை ஜேபெக்காக மாற்றினால் கோட்டைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் படியும். போதாததற்கு, வேர்டு தானாகவே சேமிக்கும்போது படங்களின் நுணுக்கத்தைக் குறைத்துவிடும்; அமைப்புகளில் போய் அதை நிறுத்த வேண்டும். ஆட்டோகேடிலிருந்து பிடிஎஃப், அதை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, கோடுகளைப் புள்ளிகளாக்காமல் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி வடிவம் என்ற வழி இலவசம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறைக்குப் போகும் உற்பத்தி வரைபடத்தை அப்படியே கையேட்டில் வைப்பது, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்), உலோகக் கலவை, மேற்பரப்புச் சீர் எல்லாவற்றையும் போட்டியாளருக்குத் தபாலில் அனுப்புவதற்குச் சமம். "வெள்ளைப் பெட்டி போட்டு மறைத்துவிட்டோமே" என்பார்கள். பிடிஎஃப்பில் அந்தப் பெட்டிக்கு அடியில் கோடுகளும் எண்களும் பத்திரமாக இருக்கும். பெட்டியை நகர்த்தினால் போதும். வேர்டில் படத்தின் ஓரத்தை வெட்டினாலும், வெட்டிய பகுதியைத் தனியாக நீக்கச் சொல்லாத வரை அது கோப்புக்குள்ளேயே இருக்கும். மறைக்க வேண்டியதை வரைபட மென்பொருளிலேயே, அது இருக்கும் லேயரை (அடுக்கை) நீக்கி, பிறகு ஏற்றுமதி செய்யுங்கள்.

மொழிக்கு வருவோம். படத்துக்குள் சொற்களை எழுதாதீர்கள், எண் மட்டும் போடுங்கள். 'இம்பெல்லர்', 'மெக்கானிக்கல் சீல்' என்று ஆங்கிலத்தில் படத்திலேயே எழுதிவிட்டால், ஜெர்மன் பதிப்புக்கு எல்லாப் படங்களையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். எண் இருந்தால் பட்டியலை மட்டும் மொழிபெயர்த்தால் முடிந்தது. தமிழில் கையேடு கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தமிழில் இருப்பதே நியாயமும்கூட. அப்போது இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். லேடெக்ஸில், யூனிகோடு தமிழை ஏற்கும் ஸீலேடெக்ஸ் அல்லது லுவாலேடெக்ஸ் வகை வேண்டும். பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தரும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. தாளில் அழகாகத்தான் இருக்கும். பிடிஎஃப்பில் 'பேரிங்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

சரி, எதை வாங்குவது? இரண்டு மூன்று மாடல்கள், ஒரே மொழி என்றால் வேர்டோ லிப்ரெஆஃபீஸோ போதும். இணைப்புப் பழக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். ஒரே பம்பு பல அளவுகளில், பல மொழிகளில் போகிறது என்றால் ஃபிரேம்மேக்கர் நல்லது. நிபந்தனை உரை (குறித்த மாடலுக்கு மட்டும் தெரியும் பகுதிகள்) வைத்து ஒரே கோப்பிலிருந்து பல மாடல்களுக்குக் கையேடு எடுக்கலாம். பக்க அழகும் விளம்பரத் தோற்றமும் முக்கியம் என்றால் இன்டிசைன். லேடெக்ஸ் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது தெரிந்த ஒரே பொறியாளர் வேலையை விட்டுப் போன நிறுவனத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஐபிஎம்மில் பிறந்து 2005இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக வந்த டிட்டா, அதாவது கையேட்டைச் சிறு துண்டுகளாக எழுதி வேண்டிய இடங்களில் சேர்க்கும் முறை, ஒரே பாதுகாப்புப் பத்தி நூறு கையேடுகளில் வரும் பெரிய நிறுவனங்களுக்கானது. கையேடு எழுத ஒருவரே இருக்கும் இடத்தில் அதை ஆரம்பிக்காதீர்கள்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்களுக்கு நாள் நெருங்குகிறது. 2006/42 இயந்திர நெறிமுறைக்குப் பதிலாக 2023/1230 என்ற ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது. கையேட்டை டிஜிட்டலாகவே தரலாம். ஆனால் வாங்கும் நேரத்தில் வாடிக்கையாளர் தாளில் கேட்டால், ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். இணையத்தில் வைத்த கையேடு, இயந்திரத்தின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் வரை, குறைந்தது 10 ஆண்டுகளாவது கிடைக்க வேண்டும். தாளை மிச்சப்படுத்தலாம் என்று மகிழ்பவர்கள் இந்தக் கடைசி வரியை மறுபடி படிக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டி ஓட்டும் மென்பொருளில் கோப்புகள் இருந்து, நடுவில் சந்தாவை நிறுத்திவிட்டால், மூலக் கோப்பை எப்படித் திறப்பீர்கள்? வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பையும் நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவிலும், படங்களை எஸ்விஜியிலும் தனியாகச் சேமித்து வைப்பது இதற்காகத்தான்.

விற்பனையாளர் செயல்விளக்கம் காட்ட வரும்போது அவருடைய மாதிரிக் கோப்பைப் பார்க்காதீர்கள். அது எப்போதும் அழகாகவே இருக்கும். உங்களுடைய மிகச் சிக்கலான வரைபடத்தைக் கொடுத்து ஒரு பக்கம் செய்யச் சொல்லுங்கள். அவர் முடித்ததும் அந்த வரைபடத்தில் ஒரு துளையை நகர்த்திச் சேமித்துவிட்டு, கையேட்டில் அது தெரிகிறதா, தெரியாவிட்டால் எச்சரிக்கையாவது வருகிறதா என்று பாருங்கள். பாகப் பட்டியலில் நடுவில் ஒரு வரியைச் சேர்த்து, படத்தில் உள்ள எண்கள் கூடவே மாறுகின்றனவா என்றும் பாருங்கள். அந்த அறையில் கொள்முதல் அதிகாரியோடு வடிவமைப்பாளரும், வெளியூர் போய் இயந்திரத்தைப் பொருத்தும் சர்வீஸ் ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும். அச்சான பக்கத்தை முதலில் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.