பீப் அடிக்கிறது என்று ஆர்மேச்சரைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் மாஸி பெர்குசன் 35 டிராக்டரின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் லூக்காஸ் டைனமோ, உள்ளே காயில் சுற்றிச் சுழலும் பாகமான ஆர்மேச்சர் இல்லை. "கம்யூட்டேட்டர்ல எந்த ரெண்டு பட்டையில மீட்டரை வச்சாலும் பீப் அடிக்குதுண்ணே, மொத்தமும் ஷார்ட். பழைய சாமான் வாங்குற கருங்குனிக்காரர்கிட்ட போட்டுட்டேன்" என்றார். கம்யூட்டேட்டர் என்பது ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் சுற்றிலும் வரிசையாக இருக்கும் உருளை. இந்த வருடம் இது மூன்றாவது ஆர்மேச்சர். வயிறு எரிகிறது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தவரை தேடினால் ஒன்று அகப்படும். 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள்.

பீப் அடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு செம்புப் பட்டையும் அடுத்த பட்டையோடு ஒரு காயிலால் இணைந்திருக்கிறது. கடைசிப் பட்டை மறுபடி முதல் பட்டைக்கே வந்து சேர்கிறது. மொத்தமும் ஒரே வளையம். காயிலில் இருப்பது தடிமனான கம்பி, சில சுற்றுதான். அதன் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் சிறு பங்குகூட வராது. சாதாரண மீட்டருக்கு நல்ல காயிலும் ஷார்ட்டான காயிலும் ஒன்றுதான். இன்னும் கேளுங்கள்: ஒரு காயில் அறுந்துபோயிருந்தாலும் பீப் அடிக்கும், ஏனென்றால் கரண்ட் வளையத்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். ஆக, பட்டைக்குப் பட்டை பீப் வைத்துப் பார்ப்பது எதையுமே சொல்லாது. நல்லது என்றும் சொல்லாது, கெட்டது என்றும் சொல்லாது.

பீப் அடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே. அங்கே 250 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். ரீடிங் குறைவாக வந்தாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றும் கார்பன் தூளும் சேர்ந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். தூரிகையால் தூசியைத் தட்டி, மிதமான சூட்டில் சில மணி நேரம் காயவைத்து மறுபடி பாருங்கள். பலது அப்படியே பிழைத்துக்கொள்ளும். தின்னர் ஊற்றிக் கழுவாதீர்கள், பழைய வார்னிஷ் கரைந்துவிடும். 230 வோல்ட் வீட்டுக் கரண்ட்டில் பல்பு கோத்துச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம், உயிர் போய்விடும்.

காயிலுக்குள் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கக் குரோலர் வேண்டும், அதாவது ஆர்மேச்சரைச் சோதிக்கும் மின்காந்தக் கருவி. அதன் மேல் ஆர்மேச்சரை வைத்து, ஹாக்ஸா பிளேடைப் பள்ளங்களின் மேல் பிடித்தபடி மெதுவாகத் திருப்புங்கள். கெட்ட காயில் வரும்போது பிளேடு துடிக்கும். குரோலர் இல்லையா? 12 வோல்ட் பேட்டரியோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராகச் சேர்த்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பட்டைகளுக்குக் கரண்ட் கொடுங்கள். இப்போது அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்துகொண்டே வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் இறங்கினால் அங்கே ஷார்ட். ஒரு ஜோடி மட்டும் எகிறினால் பட்டையில் சால்டர் விட்டிருக்கும், அல்லது கம்பி அறுந்திருக்கும். சால்டர் விட்டது என்றால் காயிலை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் தேவையில்லை, திரும்பப் பற்றவைத்தால் போதும். அந்த இடத்தில் பட்டை கருகியிருக்கும், கண்ணாலேயே தெரியும்.

அப்புறம், கம்யூட்டேட்டரை எமரி தாளால் தேய்க்காதீர்கள். அதன் துகள் பட்டை இடுக்கில் போய் உட்காரும். நைசான கண்ணாடித்தூள் ஒட்டிய தேய்ப்புத் தாள் போதும். பட்டைகளுக்கு நடுவே கரண்ட் கடக்காமல் தடுக்கும் மைக்கா செம்பைவிடச் சற்றுக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், தயவுசெய்து கம்யூட்டேட்டரில் உரசிக் கரண்ட்டை வெளியே எடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அந்தத் தம்பி கொண்டுவந்த டைனமோவில் ஒரு கார்பன் பிரஷ் ஹோல்டரில் சிக்கி அசையாமல் நின்றிருந்தது, ஆர்மேச்சர் உள்ளே இருந்தபோதும் கம்யூட்டேட்டரைத் தொட்டிருக்காது. சார்ஜ் ஏறாமல் போக அது ஒன்றே போதும்.