ஊக்கி: அமிலத்தில் நீரைப் பிரிக்கும் ஒட்சைட்டுகளை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

வெள்ளவத்தை டியூஷன் வகுப்பில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளை கொப்பியில் 'ஊக்கி' என்று எழுதும், இரவில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் யூடியூப் பாடத்தைப் போட்டால் அங்கே 'வினையூக்கி' என்று வரும். இரண்டும் ஒன்றுதான்: இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் பொருள். நாங்கள் தாக்கம் என்பதை அவர்கள் வினை என்கிறார்கள், அது முன்னால் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் இதைக் கற்றலிஸ்ற் என்பார்கள், அதன் மூலச்சொல் கிரேக்கம். சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சிலியஸ் 1835இல் 'கற்றலிசிஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். கற்றா என்றால் கீழே, லைசிஸ் என்றால் அவிழ்தல். கிரேக்கம் பிணைப்பு அவிழ்வதைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் அதைச் செய்விக்கும் பொருளைப் பார்த்து வைத்தது. திருக்குறளில் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, அந்த ஊக்கம்தான் இது. நல்ல சொல், ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: ஊக்கி சக்தி எதையும் கொடுப்பதில்லை. ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நடக்கத் தாண்டவேண்டிய சக்தித் தடை, குறைந்த வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். நீரை மின்பகுக்க, அதாவது மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க, 25 பாகை செல்சியசில் ஆகக் குறைந்தது 1.23 வோல்ற் தேவை, எந்த ஊக்கி போட்டாலும் அது குறையாது. அதற்கு மேலே நாங்கள் செலவழிக்கும் மிகை மின்னழுத்தத்தைத்தான் ஊக்கி குறைக்கும்.

நீரை இப்படி மின்சாரத்தால் பிரிப்பதை 'நீர்ப்பகுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் பாடநூல்களில் நீர்ப்பகுப்பு என்றால் எசுத்தர் போன்ற ஒன்றை நீரால் பகுப்பது, இங்கே பகுபடுவது நீரே. நீரின் மின்பகுப்பு என்று எழுதினால் குழப்பம் இல்லை.

அடுத்தது ஒட்சைட்டு, அதாவது ஒட்சிசன் இன்னொரு மூலகத்தோடு சேர்ந்த சேர்வை. தமிழ்நாட்டில் ஆக்சைடு. ஒட்சிசன் என்ற பெயரை லவோசியே கொடுத்தார், பொருள் 'புளிப்பை உண்டாக்குவது', ஏனென்றால் எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை என்று பிறகு தெரிந்தது, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

சரி, ஏன் அமிலம்? புரோத்தனை (ஐதரசன் அயனை) கடத்தும் மென்சவ்வு வைத்த மின்பகுப்புக் கலம் அமிலச் சூழலில்தான் வேலை செய்கிறது, சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் ஏறி இறங்கும்போது அதுவும் சட்டென்று ஈடுகொடுக்கிறது. காரத்தில் மலிவான நிக்கல் போதும். அமிலத்தில் நிக்கல் ஒட்சைட்டு கரைந்துபோகும். ஒட்சிசன் வெளிவரும் நேர் மின்வாயான அனோட்டில் இரண்டு நீர் மூலக்கூறுகள் நான்கு இலத்திரன்களை இழந்து ஒரு ஒட்சிசன் மூலக்கூறாக வேண்டும், கூடவே நான்கு புரோத்தன்களும் வெளிவருவதால் அந்த மேற்பரப்பில் புளிப்பு இன்னும் ஏறுகிறது. அதற்குள் தாக்குப்பிடிப்பது முக்கியமாக இரிடியம் ஒட்சைட்டு, இரிடியமோ பெரும்பாலும் தென்னாபிரிக்காவில் பிளாற்றினம் எடுக்கும்போது துணையாகக் கிடைக்கும் அரிய உலோகம். ருத்தேனியம் ஒட்சைட்டு அதைவிட வேகமானது, ஆனால் தன் சாலகத்தில் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய கட்டமைப்பில்) உள்ள ஒட்சிசனையே தாக்கத்துக்குக் கொடுத்துவிடக்கூடியது, அப்புறம் ருத்தேனியமும் மேலும் ஒட்சியேறிக் கரைந்து வெளியேறும். ஆகவே வடிவமைப்பு என்றால் இங்கே பெரும்பாலும் அந்த ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் வேலைதான்: வேறு உலோக அயன்களைக் கலந்து பிணைப்பை இறுக்குவது, மங்கனீசு, கோபாற்று போன்ற மலிவானவற்றை எந்த மின்னழுத்த எல்லைக்குள் ஓட்டினால் நிலைக்கும் என்று தேடுவது. மங்கனீசில் எல்லை தாண்டினால் கண்ணுக்கே தெரியும், கரைசல் கொண்டிஸ் போட்ட தண்ணீர் மாதிரி ஊதாவாகும். அது பெர்மங்கனேற்று, அதாவது ஊக்கியே கரைந்துகொண்டிருக்கிறது.

இரிடியம், ருத்தேனியம் இரண்டின் ஈரொட்சைட்டுகளுக்கும் உள்ள பளிங்கு அமைப்பின் பெயர் ரூட்டைல். அந்தப் பெயரைத் தந்த கனிமமான தைத்தேனியம் ஈரொட்சைட்டு எங்கள் புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற்றோடு சேர்ந்து கிடக்கிறது. அது அமிலத்தில் நன்றாக நிற்கும், ஆனால் மின்னைக் கடத்துவது குறைவு, ஆகவே ஊக்கியாக அல்லாமல் ஊக்கியைச் சுமக்கும் தாங்கியாகவே அதைப் பாவிக்கப் பார்க்கிறார்கள்.

பாடநூல் வரைவிலக்கணத்தில் எனக்கு மனக்குறை வருவது இங்கேதான். 'தாக்கத்தின் முடிவில் மாறாமல் எஞ்சும் பொருள்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அமில அனோட்டில் இரிடியம்கூட மெல்லமெல்லக் கரைகிறது. 'தாக்கத்தில் நுகரப்படாதது' என்று எழுதிவிட்டு, நடைமுறையில் அது தேயலாம் என்று ஒரு வரி சேர்த்தால் பொருந்தும். அந்தத் தேய்வுக்கு ஆய்வாளர்கள் ஓர் அளவும் வைத்திருக்கிறார்கள்: ஓர் உலோக அணு கரைவதற்குள் எத்தனை ஒட்சிசன் மூலக்கூறுகள் வெளிவந்தன என்ற விகிதம். தமிழில் அதை 'நிலைப்பு எண்' என்று சொல்லலாம் என்பது என் யோசனை, பெரிதாக இருந்தால் ஊக்கி நீண்ட காலம் நிற்கும்.