சான்று வேறு, சாட்சியம் வேறு

ஏழை நாடுகளுக்குப் போகும் கல்வி உதவியைப் பற்றிய தமிழ் அறிக்கைகளில் 'சாட்சிய அடிப்படையிலான நிதி ஒதுக்கீடு' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. எந்த உதவி பலன் தருகிறது என்று அளந்து பார்த்துப் பணம் ஒதுக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 'சாட்சியம்' என்ற சொல் இங்கே தவறு. ஆங்கிலத்தில் 'எவிடென்ஸ்' என்று அங்கே சொல்லப்படுவது சான்று.

'எவிடென்ஸ்' பார்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது; வெளிப்படத் தெரிவது என்று பொருள். 'சாட்சி' வடசொல். கண்ணால் கண்டவர் என்பது அதன் பொருள். இரண்டிலும் பார்வை இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சாட்சியம் என்பது கண்டவர் வாயால் சொல்வது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தும், இங்கே பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் 1990களில் நடந்த ஆய்வு ஒன்றைப் பாருங்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமரும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துவந்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கிடைத்தது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பலருக்கு அது மூன்றாவது மொழி. 'புத்தகம் வந்தபின் வகுப்பே மாறிவிட்டது' என்று ஒருவர் மனதாரச் சொன்னால் அது சாட்சியம். ஒப்பிட்டு அளந்து கண்டது சான்று. அப்படிச் சொல்வதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டக் கூடாது என்பதற்காகத்தானே இந்த முறையே வந்தது! அதற்குப் போய்ச் சாட்சியம் என்று பெயர் வைத்தால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

சரி, 'ஆதாரம்' ஆகாதா என்று கேட்கலாம். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இந்தத் துறையில் நிதி ஆதாரம், நீராதாரம், வாழ்வாதாரம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே தாங்குதலுக்கும் மூலத்துக்கும் போய்விட்டது. 'ஆதார அடிப்படையில் நிதி ஆதாரம்' என்று எழுதினால் இரண்டு ஆதாரமும் மோதிக்கொள்கின்றன. தவிர, ஆதாரம் என்றாலே தாங்குவது. அதன் பின்னால் 'அடிப்படை' எதற்கு?

சான்றுக்கும் ஒரு குறை உண்டு: பிறப்புச் சான்று, வருமானச் சான்று என்று காகிதத்தையும் அது குறிக்கிறது. ஆனால் அங்கே முன்னால் ஒரு அடைமொழி வந்துவிடுவதால் குழப்பம் வராது. பழந்தமிழில் 'கரி' என்றும் சொன்னார்கள், 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். அதுவும் சாட்சிதான். அப்புறம், இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் அடுப்புதான் நினைவுக்கு வரும்.

சொல்லைவிட எனக்கு அதிகம் எரிச்சல் தருவது 'அடிப்படையிலான' என்ற வால். பழைய சொற்பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது வசதி. 'சான்று பார்த்துச் செலவிடுதல்' என்று வினையாக எழுதிப் பாருங்கள். யார் பார்க்கிறார்கள், யார் செலவிடுகிறார்கள் என்ற கேள்வி உடனே எழும். 'அடிப்படையிலான' அதைத்தான் மறைத்துவிடுகிறது.