ரெகே: சொல், சொற்பிறப்பு, தமிழில் எழுதும் முறை

ஜமைக்காத் தீவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1968 வாக்கில் உருவான பாட்டு வகைக்குப் பெயர் ரெகே. நிதானமான நடை, முதல் தட்டை வெறுமையாக விடும் டிரம்ஸ், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வெட்டும் கிதார், பாட்டைச் சுமந்து செல்லும் பேஸ் கிதார் ஆகிய நான்கும் சேர்ந்தால் அது ரெகே. பாப் மார்லி அதன் மிகப் பெரிய பெயர்தான். ஆனால் 1973இல் அவருடைய வெய்லர்ஸ் குழு லண்டன் கம்பெனி வழியாக உலகச் சந்தைக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு ஐந்து வயதாகிவிட்டது.

எழுத்தில்தான் முதல் குழப்பம். ரெக்கே, ரேகே, ரெகி, ரெக்கி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ஜமைக்கர்கள் சொல்லும்போது ‘ரெ’ குறில், ‘கே’ நெடில். அந்தக் ‘கே’ ‘அங்கே’யில் வரும் ‘கே’. நடுவில் ‘க்’ போட்டால் ‘பக்கம்’ போல வல்லோசை வந்துவிடும், அது தவறு. ஆகவே ரெகே. மொழிமுதலில் ரகரம் வராது என்ற இலக்கண விதியைக் காப்பவர்கள் ‘இரப்பர்’ போல ‘இரெகே’ என எழுதலாம், பிழையில்லை. மற்றவர்களுக்கு ‘ரேடியோ’ என்று எழுதும் கை ‘ரெகே’ என்றும் எழுதும்.

சொல் எங்கிருந்து வந்தது?

ரெக்கார்டு ஒன்றின் தலைப்பில் இந்தச் சொல் முதலில் அச்சானது 1968இல். மேட்டல்ஸ் என்ற மூவர் குழு பாடிய ‘டூ த ரெகே’ அது. லெஸ்லி காங் தயாரித்தார். அந்தப் பாட்டில் ரெகே என்பது ஒரு நடன அசைவின் பெயர். இசை வகையின் பெயராக அது மாறியது அடுத்த சில மாதங்களில்தான்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள் சுற்றுகின்றன. கசிடியும் லெபேஜும் தொகுத்த ஜமைக்கா ஆங்கில அகராதியில் ‘ரெகெ-ரெகெ’ என்ற இரட்டைச் சொல் உண்டு. கந்தல், கிழிசல் என்பது ஒரு பொருள். சண்டை, சச்சரவு என்பது இன்னொன்று. மேட்டல்ஸ் குழுவின் டூட்ஸ் ஹிப்பர்ட் சொன்ன கதையும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. ஒழுங்காக உடுத்தாத, பார்க்கச் சகிக்காத பெண்ணைக் கிங்ஸ்டன் தெருவில் ‘ஸ்ட்ரெகே’ என்பார்களாம். அதிலிருந்து வாய்க்கு வந்தது ரெகே என்றார். மூன்றாவது விளக்கம் மார்லியின் பெயரால் வழங்குகிறது: அது ஸ்பானியச் சொல், ‘அரசனின் இசை’ என்று பொருள்.

மூன்றாவது நிற்காது. ஸ்பானியத்தில் அரசன் ‘ரேய்’. அதிலிருந்து ‘ரெகே’ வர ஒலி வழி இல்லை. லத்தீனில் ‘ரேகி’ என்றால் ‘அரசனுக்கு’ என்று பொருள்படும் என்பது உண்மை. ஆனால் 1968இல் கிங்ஸ்டன் குடிசைப் பகுதியில் நடனத்துக்குப் பெயர் வைத்தவர்கள் லத்தீன் தேடிப் போகவில்லை. இருந்தும் இந்த விளக்கத்தைத் தூக்கி எறிய வேண்டாம். எத்தியோப்பியச் சக்கரவர்த்தியைத் தெய்வமாகக் கொண்ட ரஸ்தஃபாரி நெறியினர் எழுபதுகளில் இந்த இசையைத் தமதாக்கிக்கொண்டதற்கு அதுவே நல்ல சாட்சி. கந்தலுக்குப் பிறந்த சொல்லை அரசனுக்கு உடுத்திப் பார்த்தார்கள்.

காதில் எப்படி அடையாளம் காண்பது?

ஜமைக்காவில் பிறந்ததெல்லாம் ரெகே அல்ல. நாட்டுப்புற மென்டோ, அறுபதுகளின் தொடக்கத்தில் வேகமான ஸ்கா, 1966 முதல் இரண்டு ஆண்டுபோல நீடித்த ராக்ஸ்டெடி, அதன் பின் ரெகே, எண்பதுகளில் டான்ஸ்ஹால் என்று வரிசை போகிறது. அதனால் ‘ஜமைக்க இசை’ என்று தமிழில் பெயர்த்தால் தாயும் மகளும் ஒரே பெயரில் நிற்பார்கள்.

அமைப்பைத் தமிழ்க் காதுக்குச் சொல்வது எளிது. தகதிமி என்று நிதானமாகச் சொல்லுங்கள், நிமிடத்துக்கு எழுபது தட்டு வேகத்தில், ஒவ்வொரு ‘த’வும் ஒரு தட்டாக. இப்போது ‘த’வை வாயால் சொல்லாமல் கையால் மட்டும் தட்டுங்கள். மிஞ்சுவது ‘கதிமி, கதிமி’. இந்த ‘தி’தான் கிதார் வெட்டும் இடம், கர்நாடக இசைக்காரர்கள் அரை இடம் என்பார்களே, அதுவே. இந்த வெட்டுக்கு ஜமைக்காவில் ஸ்கேங்க் என்று பெயர். ஆர்கன் வாசிப்பவர் வலக்கையால் ‘தி’யில் கிதாரோடு சேர்ந்துகொள்வார், இடக்கையால் ‘க’வும் ‘மி’யும் மெல்லத் தொடுவார். கொதிக்கும் நீரின் ஒலிபோலக் கேட்பதால் அதைப் பப்பிள் என்கிறார்கள். டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பும் ஒன்றாக விழுவது இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும். முதல் தட்டில் ஒன்றும் விழாது. இதற்கு ஒன் டிராப் என்று பெயர். வெய்லர்ஸ் குழுவின் கார்ல்டன் பாரெட் இதை வாசித்தே பெயர் பெற்றார்.

சில பாடப் புத்தகங்கள் ‘மூன்றாம் தட்டில் விழும்’ என்கின்றன. அவர்கள் இதே பாட்டை இரட்டை வேகத்தில் எண்ணுகிறார்கள், நிமிடத்துக்கு 140 என்று. எழுபதின் இரண்டாம் தட்டு அங்கே மூன்றாம் தட்டாகிவிடுகிறது. சண்டை எண்ணிக்கையில்தான், இசையில் இல்லை.

மேடைக் குழுக்கள் ரெகே வாசிக்கும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் டிரம்மர் முதல் தட்டில் பெரிய டிரம்மை அடித்துவிடுவார். அத்தோடு அது பாப் பாட்டாகிவிடும். கிதார்க்காரர் கார்டை, அதாவது பல கம்பிகள் சேர்ந்த ஒலியை, நீள ஒலிக்க விடுவார். ஸ்கேங்க் நீண்டு ஒலிக்கக் கூடாது. மெல்லிய மூன்று நான்கு கம்பிகளில் மட்டும் கீழ்நோக்கி ஒரு வெட்டு. வெட்டிய கணமே இடக்கை விரல்களைத் தளர்த்திக் கம்பியை ஊமையாக்க வேண்டும். பேஸ் வாசிப்பவர் டோன் குமிழை முழுவதும் குறைத்து, விரலை கிதாரின் கழுத்துப் பக்கமாக வைத்து மீட்ட வேண்டும். கூர்மையான பேஸ் ஒலி ரெகேயில் ஒட்டாது.

ரெகேயைக் கேட்டவுடன் ‘வெறும் சக் சக்தானே’ என்பவர்கள் அநேகமாகக் கைப்பேசியில் கேட்டவர்கள். பேஸ் கிதாரின் கடைசிக் கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசி ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. பாட்டின் முக்கால்வாசி உள்ளேயே நின்றுவிடுகிறது. திறந்த வெளியில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி வைத்து ஆடுவதற்காகச் செய்யப்பட்ட இசை இது. குறைந்தபட்சம் நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

ரஸ்தஃபாரி: இசைக்குள் புகுந்த சொற்கள்

ரஸ் என்றால் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் தலை, அதிலிருந்து தலைவன், இளவரசன். தஃபாரி என்பது பெயர். ரஸ் தஃபாரி 1930 நவம்பர் 2 அன்று ஹைலி செலாசி என்ற பெயரில் சக்கரவர்த்தியாக முடிசூடினார். கறுப்பின மக்களின் மீட்புக்காக வந்த தெய்வம் அவர் என்று ஜமைக்காவின் ஏழைகளில் ஒரு பகுதியினர் நம்பத் தொடங்கினார்கள். முதல் போதகர்களில் ஒருவர் லியோனர்ட் ஹவல். ஜி. ஜி. மராக் என்ற புனைபெயரில் எழுதிய அவர், 1940இல் ஸ்லிகோவில் மலையில் பினக்கிள் என்ற குடியிருப்பை நிறுவினார். போலீஸ் அதைப் பலமுறை சோதனையிட்டு 1954இல் கலைத்தது. ‘மராக்’ என்பது ‘மகாராஜ்’ என்ற இந்தியப் பெயரின் ஜமைக்க உருவம். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்ற முப்பத்தாறாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் சாயல் அது. ‘கஞ்சா’ என்ற சொல்லும் அவர்களோடு கப்பலேறியதுதான். ஜமைக்காவில் இன்றும் அதே பெயர்.

பின்னொட்டு ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. ‘ரஸ்தஃபாரியனிசம்’ என்று எழுதினால் அந்த நெறியினர் முகம் சுளிப்பார்கள். இசம் எல்லாம் ஒடுக்கும் உலகத்தின் சரக்கு என்பது அவர்கள் எண்ணம். தமிழில் ‘ரஸ்தஃபாரி நெறி’ என்பது கச்சிதம். வாழும் முறை என்ற பொருளில் அவர்கள் ‘லிவிட்டி’ என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். ‘நெறி’ அதற்கும் பொருந்தும். அவர்களே உச்சரிக்கும்போது கடைசி எழுத்து ‘ரை’ என்று முடியும். ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதைக் குறிக்கும் ‘ஐ’ அதில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக.

அந்த ‘ஐ’தான் பாட்டு வரிகளில் மொழிபெயர்ப்பாளர்களைத் தடுமாற வைப்பது. ‘ஐ அண்ட் ஐ’ என்று வந்தால் ‘நானும் நானும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பேசுகிறவனும் கேட்கிறவனும் இருவருக்குள்ளும் உறையும் கடவுளும் அதில் அடக்கம். முன்னிலையையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. ‘நாங்கள்’ போட்டால் கெட்டுப்போகும். ‘ஜா’ என்பது இறைவன் பெயர், யெகோவாவின் சுருக்கம். அல்லேலூயாவின் கடைசி ‘யா’வும் அதே. ‘பாபிலோன்’ என்பது ஊர் அல்ல. ஒடுக்கும் ஆட்சி, பல வரிகளில் வெறுமனே போலீஸ். ‘டிரெட்லாக்ஸ்’ என்பதற்குச் ‘சடை’ போதும். அவர்கள் அதற்கு ஆதாரமாகக் காட்டுவது எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தின் நசரேய விரதம். ‘இட்டல்’ என்றால் ரசாயனம் கலக்காத, பலர் வீட்டில் உப்பும் சேர்க்காத இயற்கை உணவு. இட்டலிக்கு உறவில்லை.

நையாபிங்கி என்ற வழிபாட்டுக் கூட்டங்களில் மூன்று பறைகள்: அடிக்குரல் பேஸ், இதயத் துடிப்பாக இரண்டிரண்டாகத் தட்டும் ஃபண்டே, மேலே கற்பனையாக வாசிக்கும் ரிப்பீட்டர். 1960இல் கவுண்ட் ஆசி குழுவின் இந்தப் பறைகளை வைத்து ஃபோக்ஸ் சகோதரர்களின் ‘ஓ கரோலினா’வைத் தயாரிப்பாளர் பிரின்ஸ் பஸ்டர் பதிவு செய்தார். வழிபாட்டுத் தாளம் ரெக்கார்டுக்கு இடம்பெயர்ந்தது அங்கேதான். 1966 ஏப்ரல் 21 அன்று ஹைலி செலாசி கிங்ஸ்டனில் இறங்கியபோது கூட்டம் விமானத்தையே சூழ்ந்துகொண்டது. அதன் பிறகு இளம் பாடகர்கள் பலர் இந்த நெறிக்கு வந்தார்கள். இருந்தாலும் 1968, 69 ஆண்டுகளின் ரெகே பெரும்பாலும் காதலும் கேலியும் ஆட்டமும்தான். நெறி பேசும் ‘ரூட்ஸ் ரெகே’ எழுபதுகளில் வந்தது. பறையைத் தவிர வேறு கருவியை வழிபாட்டில் ஏற்காத ரஸ்தஃபாரிகள் இன்றும் உண்டு.

1970இல் மெலோடியன்ஸ் குழு பாடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. நம் ஊர் கேசட் தலைமுறைக்கு அது 1978இன் போனி எம் பாட்டாகத்தான் தெரியும். மூலத்தில் சக்கரவர்த்தியைக் குறித்த ‘கிங் ஆல்ஃபா’ என்ற சொல், போனி எம் பாடியபோது ‘கர்த்தர்’ ஆகிவிட்டது. சிவப்பு, பொன், பச்சை பனியன்களுக்கும் இதே கதி. அதை ஜமைக்கா கொடி என்று நினைக்கிறார்கள். ஜமைக்கா கொடியில் சிவப்பே கிடையாது, அங்கே கறுப்பு, பச்சை, பொன். பனியனில் இருப்பது எத்தியோப்பியாவின் நிறம்.

ரிடிம், வெர்ஷன், டப்

ரிடிம் என்பது ரிதம் என்ற சொல்லின் ஜமைக்க உச்சரிப்புதான், ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது. ஒரு பேஸ் வரியும் அதன் டிரம்ஸும் கார்டுகளும் சேர்ந்த வாத்தியப் பகுதிக்கு ரிடிம் என்று பெயர். ஒரே ரிடிமின் மேல் பத்துப் பேர், நூறு பேர் வெவ்வேறு பாட்டுப் பாடுவார்கள். இதை ‘மெட்டு’ என்று மொழிபெயர்ப்பது தலைகீழ். நம் வர்ணமெட்டில் மெட்டு நிற்கும், சொற்கள் மாறும். ரிடிமில் மெட்டும் சொற்களும் மாறும், அடியில் உள்ளது நிற்கும். நம் இசைக்குழுக்கள் சொல்லும் ‘தாளக்கட்டு’ நெருங்கி வருகிறது, பேஸ் வரியையும் அதில் சேர்த்துக்கொண்டால்.

வெர்ஷன் பிறந்த கதை பலரும் சொல்வது. 1967, 68 வாக்கில் ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் நடன ஒலிபெருக்கி நடத்திய ரடி ரெட்வுட், பேரகன்ஸ் குழுவின் ஒரு பாட்டுக்கு அசிட்டேட் தட்டு, அதாவது ஒற்றைப் பிரதி ரெக்கார்டு, வெட்டிக் கேட்டார். ஸ்டுடியோவில் குரல் பகுதியை ஏற்ற மறந்துவிட்டார்கள். அன்றிரவு குரலில்லாத தட்டைப் போட்டதும் கூட்டமே பாடிவிட்டது. பிறகு ஏழு அங்குல ரெக்கார்டுகளின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய வெர்ஷன் வருவது வழக்கமாயிற்று. அதை மேலும் கலைத்து, நான்கு டிராக் ஒலிக்கலவை மேசையில் கிதாரை ஒரு கணம் திறந்து மூடி, எதிரொலியில் வீசி, பேஸை மட்டும் நடக்கவிட்டு ஒலிப்பொறியாளர் கிங் டபி செய்தது டப். தமிழில் ‘டப்’ என்றாலே வாயசைப்புக்குக் குரல் கொடுக்கும் டப்பிங் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது குரலை எடுப்பது. எனவே முதல்முறை எழுதும்போது ‘டப் கலவை’ என்று எழுதுவது நல்லது.

பழைய ரசிகர்களின் நினைவுகள் இந்த ஏழு அங்குலத் தட்டுகளைச் சுற்றியே இருக்கும். லண்டனின் பிரிக்ஸ்டன், ஹார்ல்ஸ்டன் கடைகளில் வார இறுதியில் ஜமைக்காவிலிருந்து புதுத் தட்டு இறங்கும். கடைக்காரர் ஊசியை வைத்ததும் பேஸைக் கேட்டுக் கைகள் உயரும். உயர்ந்த கைக்குத் தட்டு. இரவில் யாராவது வீட்டு நாற்காலிகளை வெளியேற்றி ஆட்டம் நடக்கும். சமையலறையில் ஆட்டுக்கறி மசாலா கொதிக்கும். அந்த மசாலாவும் இந்தியக் கூலிகள் விட்டுச்சென்றது. ஜமைக்கத் தட்டின் நடுத்துளை பெரியது, வீட்டுப் பிளேயருக்குப் பிளாஸ்டிக் வளையம் செருக வேண்டும். துளை மையம் தப்பியிருந்தால் சுருதி அலையும். பழைய தட்டுகளை உருக்கிச் செய்த வினைலாக இருந்தால் முதல் நாளிலிருந்தே பொரியும் ஓசை வரும். சில தட்டுகளில் லேபிளே வெறுமையாக வரும், சிலவற்றில் வேறு பாடகர் பெயர் இருக்கும். இன்றைக்குப் பழைய தட்டு வாங்குகிறவர்கள் லேபிளை நம்புவதில்லை. ஊசி ஓடி முடியும் இடத்தில், உள்வளையத்தில் கையால் கீறியிருக்கும் எண்ணைத்தான் விளக்கருகே சாய்த்துப் பார்க்கிறார்கள்.