தெரிந்திசைவு: ‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’ என்ற சொல்லின் கதை

ஒரு செயலி தன் பயனர்களின் படங்களை எடுத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். ‘பயனர்கள் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள்’ என்று நிறுவனம் பதில் சொல்லும். கொடுத்ததாக யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் என்றோ ஒரு பொத்தானை அழுத்திய பதிவு மட்டும் நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும்.

இந்தச் சண்டை எல்லாமே ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’ என்கிறார்கள். தமிழில் நாம் ஒப்புதல், சம்மதம், அனுமதி, இசைவு என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். எல்லாம் ஒன்றுதான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சிகிச்சையோ, ஆய்வோ, தரவு சேகரிப்போ, ஒருவரை வைத்து எதைச் செய்வதானாலும் அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ‘சரி’ என்றால் அதுதான் இன்ஃபார்ம்ட் கன்சென்ட். பிற்பாடு மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்பதும் இதில் அடக்கம்.

‘கன்சென்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘சென்டிரே’ என்றால் உணர்தல். ஒன்றாக உணர்தல், ஒரே மனமாதல் என்பது மூலப்பொருள். ‘இன்ஃபார்ம்’ என்பதும் லத்தீன்தான். உருக்கொடுத்தல் என்று பொருள். மனத்துக்குள் ஒரு விஷயத்துக்கு உருவம் கொடுப்பதுதான் தெரிவித்தல் என்று பழைய மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள். அழகான எண்ணம்.

இந்த இரண்டு சொற்களும் வெகுகாலம் தனித்தனியாகத்தான் இருந்தன. மருத்துவருக்கு ‘கன்சென்ட்’ கிடைத்தால் போதும் என்றிருந்தது. 1914இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று தான் சொல்லியிருந்தும் மயக்கத்தில் இருந்தபோது கட்டியை அகற்றிவிட்டார்கள் என்று ஒரு பெண் தொடுத்தது. தன் உடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை, வயதுவந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். உரிமை கிடைத்தது. ஆனால் முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டியவை என்னென்ன என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். நாஜி வதைமுகாம்களில் கைதிகள் மீது சோதனை நடத்திய குற்றத்துக்காக ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 23 பேர் மீது விசாரணை நடந்தது; பெரும்பாலோர் மருத்துவர்கள். 1947 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் பத்து விதிகள் இருந்தன. அவைதான் நியூரம்பர்க் நெறிமுறை. சோதனைக்கு உள்ளாகும் மனிதரின் தன்விருப்பமான இசைவு முற்றிலும் இன்றியமையாதது என்று முதல் விதி தொடங்குகிறது. அதோடு நிற்காமல், அவருக்குப் போதிய அறிவும் புரிதலும் இருக்க வேண்டும் என்கிறது. ‘இன்ஃபார்ம்ட்’ என்ற சொல் அங்கே ஒட்டிக்கொள்ளவில்லை என்றாலும் கருத்து வந்துவிட்டது.

சொல் ஒட்டிக்கொண்டது 1957இல். கலிஃபோர்னியாவில் ஒரு நோயாளிக்கு இரத்தப் பெருந்தமனியைப் படமெடுக்க மருந்து செலுத்தினார்கள். அடுத்த நாள் அவருடைய கால்கள் செயலிழந்துவிட்டன. இப்படி ஓர் ஆபத்து உண்டு என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்று வழக்குப் போட்டார். அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில்தான் ‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’ என்ற தொடர் சட்டத்துக்குள் நுழைந்தது. அதாவது இந்தச் சொல்லுக்கு எழுபது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

சட்டம் அதை ஏற்பதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு அலபாமாவின் டஸ்கீகி ஒரு சாட்சி. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932இல் அங்கே 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ இருக்கிறது, சிகிச்சை தருகிறோம் என்றார்கள். 1940களின் நடுவில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அதையும் கொடுக்கவில்லை. நோயை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் ஆய்வே. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் தகவலை வெளியே கொண்டுவந்து, 1972இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்ட பிறகுதான் அது நின்றது. நாற்பது ஆண்டுகள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர்களை யாரும் கட்டி இழுத்து வரவில்லை. இலவசப் பரிசோதனை, சாப்பாடு, ஈமச்சடங்குக்கான பணம் என்று சொன்னார்கள். அவர்களும் தாமாகவே வந்தார்கள். சரி என்றுதான் சொன்னார்கள். எதற்குச் சரி சொல்கிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சொற்றொடரின் உயிர் ‘கன்சென்ட்’டில் இல்லை, ‘இன்ஃபார்ம்ட்’டில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். தமிழில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அந்த முதல் பாதியை அது தாங்குகிறதா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம்.

‘அனுமதி’யை முதலிலேயே விலக்கிவிடலாம். அதிகாரம் உள்ளவர் கொடுப்பது அனுமதி. கைபேசித் திரையில் ‘அனுமதி’ என்று வருவது தொழில்நுட்பமாகச் சரிதான்: கேமராவைத் திறக்கட்டுமா, திறக்கட்டும். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை.

‘சம்மதம்’ வடமொழிச் சொல். ‘சம்’ என்றால் சேர்ந்து, ‘மத’ என்றால் எண்ணப்பட்டது. லத்தீன் மூலத்துக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு மாதிரி இருக்கிறது. பேச்சில் நன்றாகப் புழங்குகிறது, எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் இந்தச் சொல்லோடு கூடவே ஒரு வழக்கும் வந்து சேர்ந்திருக்கிறது: மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. கல்யாணப் பேச்சிலிருந்து பஞ்சாயத்து வரைக்கும் எத்தனை பேரின் வாயை இந்த ஒரு வரி அடைத்திருக்கும்! ‘நீங்கள் மறுப்புத் தெரிவிக்காததால் உங்கள் பதிவுகளைப் பயன்படுத்துகிறோம்’ என்று நிறுவனங்கள் சொல்வதும் அதே வரிதான். சம்மதம் கெட்ட சொல் இல்லை. ஆனால் மௌனத்தைச் சம்மதமாக எண்ணிப் பழகிய காதுக்கு அது போதாது.

‘ஒப்புதல்’தான் இன்று படிவங்களிலும் செய்திகளிலும் ஆட்சி செய்கிறது. ஒத்தல் என்பதிலிருந்து வந்தது. ஒன்றுபோல் இருத்தல், பொருந்துதல். வேர் நல்ல வேர்தான். கிளைகள்தான் வேறு பக்கம் போய்விட்டன. ‘ஒப்பம்’ என்றால் கையெழுத்து. ‘ஒப்புக்கொண்டான்’ என்றால் இணங்கினான் என்றும் பொருள், குற்றத்தை ஏற்றான் என்றும் பொருள். ஒரு திட்டத்துக்கு அரசு ‘ஒப்புதல்’ வழங்கும். அது மேலிருந்து கீழே வருவது. அப்புறம் ‘ஒப்புக்கு’ என்று ஒன்று இருக்கிறது: ஒப்புக்குச் செய்தான், ஒப்புக்குச் சப்பாணி. பெயருக்கு, கணக்குக்கு. கையெழுத்து, அதிகாரம், பெயருக்குச் செய்தல் ஆகிய மூன்று நிழலும் விழுந்த சொல்லை இந்த இடத்தில் வைத்தால், படிவத்தில் ஒப்பம் விழுந்ததும் காரியம் முடிந்தது என்ற நினைப்புத்தானே வரும்?

எனக்கு அது நடந்திருக்கிறது. என் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. காலையில் ஒரு தாள்கட்டை என்னிடம் நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட நான்கு இடங்களைக் காட்டினார்கள். நான்கிலும் கையெழுத்துப் போட்டேன். ‘ஒப்புதல் படிவம்’ என்ற தலைப்பு மட்டும் தமிழில் இருந்தது. அம்மா பக்கத்துக் கட்டிலில் விழித்தபடிதான் படுத்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

‘உடன்பாடு’ நல்ல தமிழ். தமிழ் இலக்கணத்தில் எதிர்மறைக்கு எதிர்ச்சொல்லே உடன்பாடுதான். ஆனால் இரு தரப்பும் பேசி முடித்த ஒப்பந்தம் என்ற பொருளில் அது நிலைத்துவிட்டது. நோயாளியும் மருத்துவமனையும், பயனரும் பெருநிறுவனமும் சமதளத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதில்லை. இல்லாத சமத்துவத்தை இருப்பதாகக் காட்டும் சொல் இங்கே வேண்டாம்.

மிஞ்சுவது ‘இசைவு’. இசைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். பாட்டுக்கும் அதே சொல். சுருதி சேரவில்லை என்றால் இசை இல்லை. கேட்பவர், கொடுப்பவர் இருவரும் ஒரே சுருதிக்கு வருவதை இவ்வளவு நன்றாகச் சொல்ல வேறு சொல் நம்மிடம் இல்லை. ‘இசைந்தார்’ என்றால் அவரே மனம் ஒப்பிச் செய்தார் என்றுதான் காதில் விழுகிறது. கன்சென்ட் என்பதற்கு இசைவு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

‘இன்ஃபார்ம்ட்’டில்தான் நம் மொழிபெயர்ப்புகள் தடுக்கி விழுகின்றன. ‘அறிவிக்கப்பட்ட ஒப்புதல்’ என்று எழுதுகிறார்கள். அதற்குத் தமிழில் ஒரே பொருள்தான்: ஒலிபெருக்கி வைத்து ஊருக்கு அறிவித்த ஒப்புதல். ‘தகவலறிந்த ஒப்புதல்’ கொஞ்சம் தேவலாம். ஆனால் தகவலை அறிந்தது யார், ஒப்புதலா? ‘தெரிந்த முகம்’ என்பது போல, ‘அறிந்த’ என்ற பெயரெச்சம் அடுத்து வரும் பெயரைப் பற்றிக்கொள்கிறது, ஆளை விட்டுவிடுகிறது. இங்கே வேண்டியது வினையெச்சம். ஒருவர் ஒன்றைச் செய்து, அதன் பிறகு இன்னொன்றைச் செய்வதைச் சொல்வது. தெரிந்து, இசைதல். முதல் வினை நடக்காமல் இரண்டாவது இல்லை என்பதைத் தமிழ் இலக்கணமே சொல்லிவிடுகிறது.

‘அறிந்து’ என்று ஏன் வைக்கவில்லை? வைக்கலாம். ஆனால் ‘தெரி’யில் ஒரு கூடுதல் செல்வம் இருக்கிறது. தெரிதல் என்றால் அறிதல் மட்டுமில்லை, தேர்ந்தெடுத்தலும்தான். தெரிவு, தெரிந்தெடுத்தல் எல்லாம் அதே வேர். அறிவதும் தேர்வதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. கையெழுத்துக்குப் பிறகு பிரச்சினை வந்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியும் இதுதானே: ‘தெரிஞ்சுதான் போட்டீங்களா?’ ஆகவே பேச்சுக்கும் செய்திக்கும் ‘தெரிந்து தரும் இசைவு’. கலைச்சொல்லாகச் சுருக்க வேண்டிய இடத்தில் ‘தெரிந்திசைவு’. இசைவைத் திரும்பப் பெறுவதற்கு ‘இசைவு விலக்கல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சில பழைய செய்திகளைத் திரும்பப் பார்த்தால் மங்கலாக இருந்தவை தெளிகின்றன.

2012 ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு வாரம் 6,89,003 பயனர்களின் செய்தியோடையை மாற்றிப் பார்த்தது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தது, சிலருக்குச் சோகமானவற்றைக் குறைத்தது. அதனால் அவர்கள் எழுதுவதும் மாறுகிறதா என்பது ஆய்வு. 2014இல் கட்டுரை வெளியானது. கணக்குத் தொடங்கும்போது எல்லாரும் தரவுக் கொள்கையை ஏற்கிறார்கள், அதுவே இன்ஃபார்ம்ட் கன்சென்ட் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கொள்கையில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லே ஆய்வு முடிந்து நான்கு மாதம் கழித்து, 2012 மே மாதம்தான் சேர்க்கப்பட்டது. கட்டுரையை வெளியிட்ட இதழே பிறகு தன் கவலையைப் பதிவு செய்தது. இதை ‘ஒப்புதல் பெற்ற ஆய்வு’ என்று எழுதினால் சண்டை போட முடியாது. ‘தெரிந்திசைவு பெற்ற ஆய்வு’ என்று எழுத யாருக்கும் கை வராது.

2018இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் மரபணு திருத்திய குழந்தைகளைப் பற்றி அறிவித்தார். பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் அதை ‘எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம்’ என்று குறிப்பிட்டது. இங்கேயும் ஒப்பம் உண்டு. பிறக்கப்போகும் குழந்தையின் இசைவை யார் தருவது என்பது வேறு, இன்னும் கனமான கேள்வி.

மரபணு விஷயத்தில் இந்தச் சொல் தன் எல்லையையே தொட்டுவிடுகிறது. ஒருவர் தன் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினால், அவர் அண்ணன் தங்கையின் தகவலும் சேர்ந்தே போகிறது. 2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு தொடர் கொலையாளியைப் பிடித்தது அப்படித்தான். தூரத்து உறவினர்கள் வம்சாவளித் தளத்தில் ஏற்றிய மரபணு விவரங்களே வழிகாட்டின. அவன் பிடிபட்டது நல்லது. ஆனால் அங்கே யார் தெரிந்தார்கள், யார் இசைந்தார்கள்? தனி ஆளுக்கென்று பிறந்த சொல் இது. குடும்பத்துக்கான சொல் எதையும் நான் இன்னும் கண்டதில்லை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவைக் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த 22இல் தமிழும் ஒன்று. எந்தச் சொல்லைப் போடுவது என்பது அகராதிக்காரர்களின் கவலையாக மட்டும் இனி இருக்காது.

பிறகு ஒருமுறை அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது, வேறோர் இடத்தில். அந்த மருத்துவர் ஒரு தாளில் கண்ணை வரைந்து, பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை எங்கே வைப்பார் என்று காட்டினார். அரிதாகத் தொற்று வரலாம் என்றும் சொன்னார். பிறகு, ‘இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, நான் என்ன செய்யப்போறேன்?’ என்றார். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி, ‘ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள் குனியக் கூடாது டாக்டர்?’ என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, படிவத்தை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார்.