கொக்லியர் இம்பிளான்ட்: ஜனாதிபதி நிதியம் எதற்கு உதவும், அப்புறம் என்ன?

காது அறவே கேட்காதவருக்கு ஒப்பரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவிதான் கொக்லியர் இம்பிளான்ட். அதை வைக்க வேண்டும் என்று ஈ.என்.டி (காது, மூக்கு, தொண்டை) நிபுணர் சொன்னவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி காசு. அடுத்த கேள்வி, சிகிச்சைச் செலவுக்கு உதவும் இலங்கை அரசின் ஜனாதிபதி நிதியத்தில் எடுக்கலாமா என்பது. கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நிதியம் உதவுவது கருவியை வைத்து முடிக்கும் வரையான செலவுக்கு. காது கேட்பது அதற்குப் பிந்திய பல மாத வேலையால் வருகிறது. அந்த வேலைக்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்கும் வார்ட்டில் தங்குவதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை. இடிக்கிற இடம் கருவியின் விலை, அது பல லட்சம் போகும். ஆகவே கிளினிக்கில் முதலில் கேளுங்கள்: கருவி சுகாதார அமைச்சு மூலம் கிடைக்குமா, கிடைப்பதென்றால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நிதியத்துக்குப் போங்கள்.

1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியம் இது. முன்பு இதன் அலுவல் எல்லாம் கொழும்பில்தான். 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். வாகரையில் இருப்பவர் வாகரையிலும் பொத்துவிலில் இருப்பவர் பொத்துவிலிலும் கொடுக்கலாம். ஒரு கையெழுத்துக்காக இரவு பஸ் ஏறிய காலத்தை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

நிபுணர் நிரப்பிக் கையெழுத்திட்ட மருத்துவ அறிக்கை, கருவிக்கான கொட்டேஷன், வதிவிடத்துக்கும் வருமானத்துக்கும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள். கொடுக்குமுன் பெயர்களை ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயர், கிளினிக் கொப்பியில் வீட்டில் கூப்பிடும் பெயர், கொட்டேஷனில் தகப்பனின் முதலெழுத்து தவறு என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். கம்பனிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே செயலகத்தில் பேசிவிடுவதும் நல்லது. நிதியம் வருமானத்தைப் பார்த்து ஒரு பகுதியைத்தான் தரும். முழுச் செலவையும் தரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இது தவிர, குறைந்த வருமானக் குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்தால் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

சரி, கருவி என்ன செய்கிறது? சாதாரண ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்பும். இம்பிளான்ட் அப்படி இல்லை. உள்காதில் சத்தத்தை உணரும், பழுதான மயிர்க்கலங்களைத் தாண்டி, மெல்லிய மின்முனைகள் வழியாக செவி நரம்பையே நேராகத் தூண்டுகிறது. அதனால் நரம்பு இல்லாதவருக்கு இது பயன்படாது. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். ஒப்பரேஷன் முடிந்து பொதுவாக மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் காதுக்கு வெளியே மாட்டும் வெளிக்கருவியைப் பொருத்தி இயக்குவார்கள். முதல் நாள் கேட்பது ஸ்டேஷன் சரியாகப் பிடிபடாத பழைய ரேடியோ மாதிரி இருக்கும். ஏமாந்துபோக வேண்டாம். கிளினிக்கில் கருவியின் சத்த அளவை ஒவ்வொரு முறையும் திருத்தித் திருத்தி, பேச்சுப் பயிற்சியும் சேர்ந்த பிறகுதான் சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்குக் காலம் மிக முக்கியம். மூளை மொழியைப் பிடிக்கிற வயது முதல் சில வருடங்கள்தான். இரண்டு வயதுக்கு முன் வைத்தால் பலன் அதிகம், ஏழெட்டு வயதுக்குப் பிறகு பேச்சு வருவது கடினம். 'ஆம்பிளப் பிள்ளை, கதைக்கப் பிந்தும்' என்று மாமியார் சொல்வதைக் கேட்டு ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் குடும்பநல மாதுவிடம் சொல்லிக் கேட்டல் பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு கேட்காமல் போனால் இன்னும் அவசரம், ஏனென்றால் உள்காது எலும்பாகி அடைபடலாம். பேசப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்த பெரியவர்களுக்கு இந்தக் கெடு இல்லை. அறுபது, எழுபது வயதிலும் பயன் கிடைக்கிறது.

காது இரைச்சல் உள்ளவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். வெளிச்சத்தம் வராத காதுக்குப் பதிலாக மூளையே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இம்பிளான்ட் மூலம் சத்தம் மீண்டும் வரத் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு இரைச்சல் குறைகிறது, சிலருக்கு அறவே நின்றும் போகிறது. சிலருக்கு மாற்றமே இல்லை. கொஞ்சப் பேருக்குக் கூடலாம், முன்பு இல்லாதவருக்குப் புதிதாக வரவும் கூடும். இரவில் கருவியைக் கழற்றி வைத்தவுடன் திரும்ப வருவதும் உண்டு. ஆகவே நன்றாகக் கேட்கும் காதில் இரைச்சல் மட்டும் இருக்கிறது என்பதற்காக இதைக் கேட்டு அலைய வேண்டாம். அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது. ஒப்பரேஷன் செய்த காதில் மிஞ்சியிருந்த இயல்பான கேட்டலும் போகக்கூடும் என்பதைக் கையெழுத்திடுமுன் டொக்டரிடம் கேட்டுத் தெளிவாகுங்கள்.

வாழ்க்கை எப்படி மாறுகிறது? நேருக்கு நேர் பேசுவது லேசாகிறது. பலர் போனில் கதைக்கிறார்கள், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் கேட்கிறது, கடைக்கு மகளைக் கூட்டிப் போகாமல் தானே போய் வர முடிகிறது. கல்யாண வீட்டு இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பது அப்போதும் கஷ்டம்தான். பாட்டும் முன்பு கேட்ட பாட்டாக இருக்காது; இசைப் பிரியர்கள் இதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாக, கருவியைக் காப்பாற்றும் செலவு. வெளிக்கருவிக்கு உத்தரவாதக் காலம் முடிந்தால் வயர், கொயில், பற்றரி எல்லாம் உங்கள் கணக்கு. கொட்டேஷன் வாங்கும்போதே உத்தரவாதம் எத்தனை வருடம், உதிரிப்பாகம் என்ன விலை, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நம் கரையோர உப்புக் காற்றும் வியர்வையும் இதற்கு எதிரி. ஒவ்வொரு இரவும் ஈரம் உறிஞ்சும் கப்சியூல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். வாவியிலோ கடலிலோ வேலை செய்பவர் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இம்பிளான்ட் உள்ளவருக்கு மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகொக்கஸுக்கு எதிரான தடுப்பூசியை ஒப்பரேஷனுக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ எடுக்குமுன் ஸ்கேன் பிரிவில் சொல்ல வேண்டும். கருவியோடு தரும் அட்டையை அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.